எண்ணெய் வளமும் மனித வளமும்: அரபு நாடுகள் கற்பிக்கும் பாடம்

(தமிழாசிரியர் ஒருவர், நாவுல)

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருந்தெரு மாத்தளையையும் நாலந்தாவையும் கடந்து, தம்புள்ளையை அடையுமுன் நாவுல என்னும் சிற்றூரை ஊடறுத்துச் செல்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர், காட்டையும் கொள்ளை நோயையும் கடந்து, மாத்தளைக் கோப்பித் தோட்டங்களை நோக்கிக் கால்நடையாக வந்த வடபாதையும் இப்பக்கமாகவே அமைந்திருந்தது. வழியில் மாண்டார் பல்லாயிரவர். அவர்தம் வழித்தோன்றல்களே நம்முள் பலர்.

இன்று அதே தெருவில் விடியுமுன் வாடகை வான்கள் கட்டுநாயக்க விமான நிலையத்தை நோக்கி விரைகின்றன. அவற்றுள் இருப்போர் குவைத்துக்கும், சவூதி அரேபியாவுக்கும், கட்டாருக்கும், துபாய்க்கும் தொழில் தேடிச் செல்வோர். பிழைப்புத் தேடி வந்தோரின் பெயரர் பிழைப்புத் தேடிச் செல்கின்றனர். ஆதலின் அரபு நாடுகளின் பொருளாதாரம் நமக்குத் தொலைவான பொருளன்று. நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் வீட்டுப் பொருளேயாகும்.

பிறிதொரு காரணமும் உண்டு. நம் மாவட்டத்தில் லக்கல பல்லேகமவில் களு கங்கைக்குக் குறுக்கே எழுந்த அணைக்குக் குவைத் நிதியமும் சவூதி நிதியமும் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் நிதியமும் கடன் வழங்கின. 2018ஆம் ஆண்டில் அங்கு நீர் தேக்கப்பட்டது. பழைய ஊர் நீருள் மூழ்கப் புதிய ஊர் எழுந்தது. மொறகஹகந்த நீர்த்தேக்கத்தோடு இது சுரங்கக் கால்வாயால் இணைக்கப்பட்டுள்ளது. பாலைநிலத்தின் அடியில் கிடந்த எண்ணெய் விலையாகி, கடனாகி, நம் மலையடிவாரத்தில் நீராக நிற்கின்றது. இத்தகைய செல்வம் அது பிறந்த நாட்டில் எவ்வாறு பயன்பட்டது, எவ்விடத்துப் பயன்படாது ஒழிந்தது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வளர்ச்சி என்பது யாது?

வளர்ச்சி வேறு, மேம்பாடு வேறு. ஒரு நாட்டின் வருமானம் பெருகுதல் வளர்ச்சி. அவ்வருமானத்தால் மக்கள் நெடிது வாழ்தலும், கல்வி பெறுதலும், தாம் விரும்பிய நல்வாழ்வைத் தெரிந்துகொள்ளும் ஆற்றல் அடைதலும் மேம்பாடு. பாகிஸ்தானியப் பொருளியலறிஞர் மஹ்பூப் உல் ஹக் அவர்களின் முயற்சியால் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் 1990ஆம் ஆண்டில் மனித அபிவிருத்தி அறிக்கையை முதன்முதலாக வெளியிட்டது. அமர்த்தியா சென் அவர்களின் சிந்தனை அதற்குத் துணையாயிற்று. ஆயுள், கல்வி, வருமானம் என்னும் மூன்றையும் ஒருங்கு நிறுத்தி நாடுகளை அளந்தமையே அவ்வறிக்கையின் புதுமை.

புதுமை என்றோமேனும் தமிழர்க்கு இக்கருத்துப் புதிதன்று. நாட்டுக்கு அணியாவன ஐந்து என வகுத்த வள்ளுவர், செல்வத்தை முதலில் வைத்திலர்; மக்கள் நோயின்றி வாழ்தலையே முதலில் வைத்தார். செல்வம் அதன்பின்னரே வருகின்றது. இவ்வரிசை முறையை மாணவர் உளங்கொள்ளல் வேண்டும்.

இனி, நிலைபேறு என்பது மற்றொன்று. நோர்வேயின் புருண்ட்லாந்து அம்மையார் தலைமையில் அமைந்த ஆணைக்குழு 1987இல் இதனை விளக்கிற்று. இன்றைய தலைமுறை தன் தேவையை நிறைவேற்றுங்கால் நாளைய தலைமுறையின் பங்கை உண்டுவிடலாகாது என்பதே அதன் சாரம். விதைநெல்லை உண்பவன் இவ்வாண்டு பசியாறுவான். மறு ஆண்டு வயல் தரிசாகும். ஆகவே வளர்ச்சி, மேம்பாடு, நிலைபேறு என்னும் மூன்றும் ஒருங்கு நிற்கின்றனவா எனக் காணல் வேண்டும்.

முத்தும் கோப்பியும்

அரபு நாடுகள் எல்லாம் எண்ணெயால் செழித்தவை என எண்ணுதல் பிழை. 1945இல் தோன்றிய அரபுக் கூட்டமைப்பில் இன்று 22 நாடுகள் உள்ளன. அவற்றுள் கட்டாரும் உண்டு, யேமனும் உண்டு. குவைத்தும் உண்டு, சோமாலியாவும் உண்டு. செல்வத்தின் உச்சியும் வறுமையின் அடியும் ஒரே கூட்டமைப்பில் உள்ளன.

வளைகுடா நாடுகளும் எண்ணெய்க்கு முன் முத்தால் வாழ்ந்தவை. பஹ்ரேனிலும் குவைத்திலும் கோடைதோறும் ஆயிரக்கணக்கானோர் கடலில் மூழ்கி முத்தெடுத்தனர். மூழ்குவோர் படகுத் தலைவனிடம் முன்பணம் பெறுவர். பருவ முடிவில் கடன் தீராது. தந்தையின் கடன் மகன் தலையில் ஏறும். இக்கதை நமக்குப் பழகிய கதையன்றோ? கங்காணியிடம் முன்பணம் பெற்று, கடன் தொகை எழுதிய 'துண்டு' என்னும் சிறு சீட்டால் தோட்டத்தோடு கட்டுண்டு கிடந்தனர் நம் முன்னோர். அத்துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேயே ஒழிக்கப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜப்பானியர் வளர்ப்பு முத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தனர். 1929இல் உலகப் பொருளாதாரமும் வீழ்ந்தது. வளைகுடாவின் முத்து வாணிகம் சில ஆண்டுகளில் அழிந்தது. இலங்கையில் 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தமையும் இவ்வாறே. ஒற்றைப் பொருளை நம்பிய பொருளாதாரம் ஒரு பூஞ்சணத்தாலும் வீழும், ஒரு புதுக் கண்டுபிடிப்பாலும் வீழும் என்பதற்கு இவ்விரண்டும் சான்றுகள்.

ஈண்டு உற்றுநோக்கத் தக்கது ஒன்றுண்டு. குவைத்தில் 1911இல் வணிகர் திரட்டிய பணத்தால் ஒரு பள்ளி எழுந்தது. பஹ்ரேனில் 1919இல் ஆண்பிள்ளைகளுக்கும் 1928இல் பெண்பிள்ளைகளுக்கும் அரசுசார் பள்ளிகள் தோன்றின. பஹ்ரேனில் எண்ணெய் கண்டது 1932இல்; குவைத்திலும் சவூதியிலும் 1938இல். எண்ணெய் வருமுன்னரே முத்துப் பணத்தின் ஒரு பகுதி பள்ளியாயிற்று. முத்து அழிந்தது, பள்ளி நின்றது. கோப்பி விளைந்த காலத்தில் நம் முன்னோர்க்கென எழுந்த பள்ளிகளோ மிகச் சில. தோட்டத்துரை கோப்பியை விட்டுத் தேயிலைக்கு மாறினார். தொழிலாளிக்கு மாறுதற்கு வேறு தொழில் தெரியாது.

மணலில் எழுந்த பள்ளிகள்

எண்ணெய்ப் பணம் மக்கள் மேம்பாடாக மாறியமைக்குச் சிறந்த சான்று ஓமான். 1970இல் சுல்தான் காபூஸ் ஆட்சிக்கு வந்தபோது அந்நாடு முழுவதிலும் முறையான பள்ளிகள் மூன்றே இருந்தன, மாணவர் ஆயிரவருக்குங் குறைவானோர், பெண்பிள்ளைகள் எவருமிலர். செப்பனிட்ட தெருக்கள் சில மைல்களே. எண்ணெய் ஏற்றுமதி 1967இல் தொடங்கியிருந்ததேனும், அது மக்களின் வாழ்வை எட்டவில்லை. அதன் பின்னரே ஊர்தோறும் பள்ளியும் மருத்துவ நிலையமும் எழுந்தன. ஆசிரியர்கள் பிற அரபு நாடுகளிலிருந்து வரவழைக்கப்பட்டனர். 1986இல் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது.

2010ஆம் ஆண்டின் மனித அபிவிருத்தி அறிக்கை 135 நாடுகளின் நாற்பதாண்டு முன்னேற்றத்தை ஒப்புநோக்கியது. தொடங்கிய இடத்திலிருந்து மிக விரைந்து முன்னேறிய நாடு ஓமான் எனக் கண்டது. முதற் பத்து நாடுகளுள் சவூதி அரேபியா, தூனிசியா, அல்ஜீரியா, மொரோக்கோ ஆகியனவும் இடம்பெற்றன. தூனிசியாவும் மொரோக்கோவும் எண்ணெய்ச் செல்வத்தாற் பெயர்பெற்றவை அல்ல. ஆகவே எண்ணெய் மட்டுமே காரணம் என்பது பொருந்தாது. கல்விக்கும் நலவாழ்வுக்கும் செலவிடத் துணிந்தமையே பொதுக் காரணம்.

எண்ணெய் ஒருநாள் தீரும் என உணர்ந்து சேமித்த நாடு குவைத். 1953இல், விடுதலைக்கு எட்டாண்டு முன்னரே, அது முதலீட்டுச் சபை ஒன்றை அமைத்தது. 1976இல் வருங்காலத் தலைமுறையினர்க்கான நிதியை நிறுவி, ஆண்டுதோறும் வருமானத்தில் பத்திலொன்றை அதில் இட விதி செய்தது. 1990இல் ஈராக் படையெடுத்தபோது அந்நாட்டு மக்களைத் தாங்கியது வெளிநாடுகளில் இருந்த அச்சேமிப்பே. விதைநெல்லைப் பத்தாயத்தில் வைத்த குடியானவனின் முறைமை இதுவாம்.

நீர் கற்பித்த பாடம்

விதைநெல்லை உண்டமைக்கும் சான்று உண்டு. சவூதி அரேபியா 1980களில் பாலைநிலத்தில் கோதுமை விளைக்கத் துணிந்தது. பெரும் பணம் செலவிட்டு நிலத்தின் ஆழத்திலிருந்து நீரை இறைத்தது. 1990களின் தொடக்கத்தில் உலகின் முன்னணிக் கோதுமை ஏற்றுமதி நாடுகளுள் ஒன்றாகவும் விளங்கியது. ஆயின் அந்நீர் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழையின் சேமிப்பு. மேலிருந்து மீண்டும் நிரப்புதற்கு மழையில்லை. நீர்மட்டம் தாழ்ந்தது, 2008இல் அரசு இத்திட்டத்தைப் படிப்படியாகக் கைவிட முடிவு செய்தது, 2016இல் உள்நாட்டுக் கோதுமைக் கொள்வனவு நின்றது.

ஓமானின் பழைய 'அஃப்லாஜ்' கால்வாய்கள் இதற்கு நேர்மாறானவை. மலையடி ஊற்றுநீரைச் சரிவு வழியே ஊருக்குக் கொணர்ந்து, நாழிகை கணக்கிட்டுப் பகிர்ந்துகொள்ளும் முறை அது. மேற்பார்வை ஊராருடையது. 2006இல் ஐந்து கால்வாய்த் தொகுதிகள் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டன. குளத்துநீரை வட்டவிதானை முன்னிலையில் முறைவைத்துப் பாய்ச்சிய நம் நாட்டார்க்கு இதன் அருமை விளங்கும். நாவுலவுக்குக் கிழக்கே அம்பன் கங்கையில் எலஹெர அணையைக் கட்டி, மின்னேரிக் குளத்துக்கு நீர் கொண்டுசென்ற பண்டையோரும் இவ்வறிவுடையோரே. வருவதற்கு மேல் எடுக்காதே என்பது அவர்தம் பொருளியல்.

மூன்று குறைகள்

பள்ளியும் மருத்துவமனையும் பெருகியபின் குறை யாது? இவ்வினாவை அரபு அறிஞர்களே தம்மை நோக்கிக் கேட்டனர். 2002இல் வெளிவந்த அரபு மனித அபிவிருத்தி அறிக்கை, அரபு நாடுகளை வருத்துவன மூன்று குறைகள் என்றது: சுதந்திரக் குறை, அறிவுக் குறை, பெண்கள் ஆற்றல் பெறாக் குறை. பிறர் சுட்டினால் பழி எனத் தோன்றும். தாமே சுட்டினால் மருந்தாகும். அவ்வறிஞர் அடுத்துவந்த ஆண்டுகளில் ஒவ்வொரு குறையையும் தனித்தனி அறிக்கையாக விரித்து ஆராய்ந்தனர்.

அவர் கூற்றின் உண்மையைத் தூனிசியா காட்டிற்று. 1956இல் விடுதலை பெற்ற அவ்வாண்டிலேயே பலதார மணத்தைத் தடைசெய்து, பெண்களுக்கு மணவிலக்கு உரிமை அளித்த நாடு அது. கல்வியிலும் முன்னேறியது. ஆயினும் படித்த இளைஞர்க்குத் தொழிலில்லை. குறை கூறுதற்கு வாயுமில்லை. 2010 டிசம்பரில் சீதி பூசித் என்னும் ஊரில் முகமது பூவாசிசி என்ற இளம் பழவண்டிக்காரர், தம் தராசையும் சரக்கையும் அதிகாரிகள் பறித்ததனால் மனம் நொந்து தீக்குளித்தார். அடுத்த மாதமே நாட்டின் தலைவர் ஓடிப்போயினர். எழுச்சி எகிப்துக்கும், லிபியாவுக்கும், சிரியாவுக்கும், யேமனுக்கும் பரவியது. புள்ளிவிவரப் பட்டியலில் உயர்ந்த நாடும், தன் குடிமகனின் தராசை மதியாதபோது நிலைகுலையும் என்பதே இதன் கருத்து.

பின்வந்தது இன்னுங் கொடிது. போர் மேம்பாட்டைத் தின்னும். யேமன் போரால் அந்நாட்டின் மனித மேம்பாடு இருபத்தோராண்டு பின்தள்ளப்பட்டது என ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்துக்காக 2019இல் செய்யப்பட்ட ஆய்வு மதிப்பிட்டது. 1983ஐயும் அதன் பின்வந்த ஆண்டுகளையும் கண்ட நமக்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா.

மூன்றாங் குறையாகிய பெண்கள் நிலையில் மாற்றம் தோன்றியுள்ளது. சவூதி அரேபியா 2016இல் 'நோக்கு 2030' என்னும் திட்டத்தை வெளியிட்டது. 2018இல் பெண்கள் வாகனம் செலுத்தும் தடை நீங்கியது. தொழிலாளர் தொகையில் பெண்களின் பங்குக்கு 2030இல் அடைய வேண்டுமெனக் குறித்த நூற்றுக்கு முப்பது என்னும் அளவு, காலத்துக்குப் பல ஆண்டு முன்னரே கடக்கப்பட்டது. எனினும் வளைகுடாச் செல்வத்தை உழைத்து ஆக்குவோருள் பெரும் பகுதியினர் அந்நாட்டுக் குடிகளே அல்லர். கட்டாரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் வாழ்வோருள் பத்தில் ஒன்பதின்மர் அளவினர் அயல்நாட்டார். அவர்களை ஒரு முதலாளியின் பொறுப்பில் கட்டிவைக்கும் முறை 'கஃபாலா' எனப்படும். முதலாளி இசையாமல் தொழில் மாற இயலாது என்ற விதியைக் கட்டார் 2020இல் நீக்கியது. பிற நாடுகளும் சிறிது சிறிதாகத் தளர்த்தி வருகின்றன. வீட்டுக்குள்ளே பணிசெய்யும் பெண்ணை இத்தளர்வு எட்டுவது அரிதாகவே உள்ளது. முத்துக்குளிப்போனின் கடன், தோட்டத் தொழிலாளியின் துண்டு, பணிப்பெண்ணின் கஃபாலா ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்துப் பிறந்தவை.

நம் வீட்டுக் கணக்கு

பிறர் குறை கூறி நிறுத்துதல் நேர்மையன்று. நம் நாட்டின் கணக்கையும் பார்த்தல் வேண்டும். இலங்கை பெருஞ்செல்வம் அடையுமுன்னரே மேம்பாடு அடைந்த நாடு. 1931இல் எல்லோர்க்கும் வாக்குரிமை வந்தது. 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. இலவச மருத்துவமும் பரவியது. ஏழை நாடாயினும் மக்கள் நெடிது வாழ்ந்தனர், எழுத்தறிந்தனர். மலேரியா அற்ற நாடு என 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஓமானுக்கு எண்ணெய் தந்ததை நமக்கு வாக்குச்சீட்டும் பாடசாலையும் தந்தன.

ஆயின் அம்மேம்பாடு மலையகத்தின் மேட்டில் ஏறத் தாமதித்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம்மவரின் குடியுரிமையைப் பறித்தது. தோட்டப் பள்ளிகள் அரசின் கைக்கு வந்தது 1970களிலேயே. எஞ்சிய நாடற்றவர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல். இத்தாமதத்தின் விலையை இன்றும் நம் பெண்கள் செலுத்துகின்றனர். முழு எழுத்தறிவு கண்டதாக 1991இல் அறிவித்த கேரளத்திலிருந்து பயிற்சி பெற்ற தாதியர் பலர் வளைகுடா மருத்துவமனைகளுக்குச் செல்கின்றனர். நம் தோட்டத்துப் பெண்களுட் பலர் சமையலறைக்குச் செல்கின்றனர். கடல் ஒன்றே; விமானம் ஒன்றே; வேறுபாடு கல்வி.

அவர்கள் அனுப்பும் பணம் நாட்டைத் தாங்குகின்றது. வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பிய தொகை 2020இல் ஏறத்தாழ 710 கோடி டொலர். 2022இல் அது 380 கோடியாகச் சுருங்கியபோது, எரிபொருளுக்கும் மருந்துக்கும் நாம் வரிசையில் நின்றதை எவரும் மறந்திரார். 2024இல் மீண்டும் 650 கோடியைக் கடந்தது. இத்தொகையுள் எத்தனை தாய்மாரின் உறக்கம் அடங்கியுள்ளது என்பதற்குப் பட்டியல் இல்லை. மூதூரிலிருந்து 2005இல், வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு சென்ற ரிசானா நபீக் என்னும் ஏழைப்பெண் 2013 ஜனவரியில் சவூதியில் மரண தண்டனைக்கு உள்ளானாள். நாட்டு வருமானக் கணக்கில் இதனை எந்த நிரலில் எழுதுவது?

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லி அமைவேன். என் மாணவி ஒருத்தியின் தாய், ஒரு மாலையில் ஒப்பந்தப் பத்திரம் ஒன்றை என்னிடம் கொணர்ந்தார். ஒரு பக்கம் அரபு. மறு பக்கம் ஆங்கிலம். தமிழில் ஒரு சொல்லும் இல்லை. பிறர்க்கு எழுத்தறிவிக்கும் நானும் அரபுப் பக்கத்தின்முன் எழுத்தறியாதவனாய் நின்றேன். ஆங்கிலப் பக்கத்தை அகராதியின் துணையோடு இரவு நெடுநேரம் படித்தேன். முகவர் வாயாற் சொன்ன சம்பளமும் தாளில் இருந்த சம்பளமும் ஒன்றல்ல. மறுநாள் அதை எடுத்துரைத்தேன். அவர் சிறிது பேசாதிருந்தார். பின்பு, "தெரிஞ்சு போறது நல்லதுங்க சேர். ஆனா போகாம இருக்க முடியாது" என்றார்.

சென்றார். நான்கு ஆண்டு கழித்து மீண்டார். கட்டத் தொடங்கிய வீடு சுவரோடு நின்றது. கூரை போடுதற்கு மறுமுறை செல்லுமாறு உறவினர் வற்புறுத்தினர். அவர் மறுத்துக் கூறிய சொற்களை அவர் வாய்மொழியாகவே தருகின்றேன்: "வீடு பாதியில நிக்கட்டுங்க சேர். புள்ள படிக்கட்டும்." அப்பிள்ளை இன்று தாதியர் பயிற்சி பெறுகின்றாள். பொருளியல் நூல் பலவற்றில் நான் தேடிய விடையை, ஐந்தாம் வகுப்போடு நின்ற அத்தாய் எனக்குக் கற்பித்தார்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், நிலத்தடிச் செல்வம் எடுக்க எடுக்கக் குறையும் என்பதும், அது மனிதனுள் கல்வியாகவும் நலமாகவும் உரிமையாகவும் இடம் மாறினாலன்றி நிலைபெறாது என்பதும் தெளிவாம். ஓமானின் பள்ளியும், குவைத்தின் சேமிப்பும், தூனிசியாவின் தராசும், நாவுலத் தாயின் கூரையற்ற வீடும் உணர்த்துவது இஃதொன்றே.

பழைய மாணவ நண்பர்களே, விழாக் காலத்தில் நினைவு வளைவும் மணிக்கூண்டும் எழுப்ப விழைதல் இயல்பே. அவற்றை யான் பழியேன். ஆயினும் அவற்றோடு, அல்லது அவற்றுக்கு முன்னரே, மூன்று செயல்களை மேற்கொள்ளுமாறு வேண்டுகின்றேன். தாயோ தந்தையோ கடல்கடந்திருக்கும் மாணவர்க்கென உதவிநிதி ஒன்று நிறுவுக. வெளிநாடு செல்வோர் கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தைத் தமிழில் விளக்கிக் காட்ட, மொழியறிந்தோர் மாதம் ஒருநாள் கல்லூரி மண்டபத்தில் அமர்க. பெண்பிள்ளைகள் உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் பயில மாலை வகுப்புகள் நடத்துக. இவற்றுக்கு வேண்டும் பொருள் பெரிதன்று, மனமே பெரிது.

நம் முன்னோர் துண்டுச் சீட்டின் எழுத்தை வாசிக்க அறியாராய் இவ்வழியே நடந்தனர். இனி இவ்வழியே செல்லும் நம் பிள்ளை, தன் கையிலுள்ள தாளைத் தானே வாசித்தறிந்து, செல்லவும் மறுக்கவும் ஆற்றலுடையவளாய்ச் செல்க. அதுவே நம் கல்லூரிக்கு மெய்யான விழாவாகும்.